நாலு முப்பத்தேழு

அப்பாவின் நகக்கண்ணில் இருந்த கறுப்பு போகவே மாட்டேன் என்றது. ரஞ்சிதம் முதலில் மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடைத்தாள். பிறகு சோப்புத் தூளைப் போட்டுப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தாள். முப்பத்தெட்டு வருஷத்து இஞ்சின் எண்ணெய். தீபாவளிக்குத் தீபாவளி அவரே தேய்த்துப் பார்த்துத் தோற்றுப்போன கறை அது.

"விட்டுடு ரஞ்சி," என்றாள் அம்மா தங்கம்மா. "எத்தன தடவ தேய்ச்சாலும் அது போவாது. எனக்குத் தெரியாதா?"

தலைமாட்டில் காஸ் விளக்கு இரைந்துகொண்டிருந்தது. காலை ஒன்பது மணி, ஆனாலும் வெளியே பனி இறங்கி எதிர் லயத்து வரிசை வீடுகளின் கதவுகள்கூடத் தெரியவில்லை. கோலா தெர்லாவில் காய்கறித் தோட்டம் போட்டிருக்கும் சித்தப்பா பழனியப்பன் லோரி பிடித்து வந்துகொண்டிருந்தார். அவர் வந்ததும் இரண்டு மணிக்கு எடுப்பதாகப் பேச்சு.

வந்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். "வெசனப்படாத தங்கம்மா. திடீர்னு விழுந்துட்டாரு. ஒண்ணும் தெரியாம போயிட்டாரு. இப்படி ஒரு சாவு யாருக்குக் கெடைக்கும்?" தங்கம்மா ஒவ்வொருவருக்கும் தலையை ஆட்டினாள். நேற்றிலிருந்து அவள் பிடித்துக்கொண்டிருப்பது அந்த வார்த்தையைத்தான் என்று ரஞ்சிதத்துக்குத் தெரிந்தது.

தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனுக்கு வெளிச்சம் கொடுப்பது அப்பா முருகையாவின் இஞ்சின்தான். கீழே ஃபேக்டரிக்கு எப்போதோ அரசாங்கக் கரண்ட் வந்துவிட்டது. மேலே லயங்களும் ஆபீசும் மட்டும் இன்னும் அந்தப் பச்சை டீசல் இஞ்சினை நம்பியே இருந்தன. நேற்று, புதன்கிழமை சாயங்காலம், உதவி இஞ்சின் டிரைவர் விஜயன் டீ குடித்துவிட்டுத் திரும்பியபோது இஞ்சின் நின்றிருந்தது. பக்கத்து ஸ்டூலில் முருகையா சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் கை, இஞ்சினை நிறுத்துகிற லீவர் மேல் இருந்தது. தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே, இனி அவசரமில்லை என்று லோரி டிரைவருக்குத் தெரிந்துவிட்டது.

"மயக்கம் வந்து சாஞ்சதுல கை பட்டு லீவர் எறங்கிருக்கு லா," என்று விஜயன் நேற்று எல்லாரிடமும் சொன்னான். அதற்குப் பிறகு அவன் இஞ்சினைத் தொடவில்லை. சாகிற கை பட்டு நின்ற இஞ்சின், நான் எப்படி அதில் கை வைப்பது என்று இஞ்சின் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். டிவிஷன் முழுக்க ராத்திரி மெழுகுவர்த்தியில் கிடந்தது.

ரஞ்சிதத்தின் நெஞ்சில் தைத்த முள் வேறு. இஞ்சின் நின்ற அந்த நிமிஷம் அவள் ஆபீசில் இருந்தாள். பல்பு அணைந்ததும் அவள் வாயில் வந்தது, "இந்த அப்பாவுக்கு அறிவே இல்ல, சொல்லாம கொள்ளாம நிறுத்திட்டாரு," என்பதுதான். அவர் உயிர் போய்க்கொண்டிருந்த நேரத்தில் பெற்ற மகள் அவரைத் திட்டிக்கொண்டிருந்தாள். இதை யாரிடமும் அவள் சொல்லவில்லை.

சொல்லாமல் நிறுத்துகிற ஆளே இல்லை அவர். அதற்கு ஒரு கதை உண்டு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், எண்பத்தேழில், ஆபீசுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தது. ஈப்போவில் ஆறு மாதம் படித்துவிட்டு வந்த ரஞ்சிதம் அதற்குச் சின்னக் கிராணி, அதாவது இளைய குமாஸ்தா, ஆனாள். வந்த மாதமே, ஒருநாள் முழுக்க அவள் அடித்த கொழுந்து எடைக் கணக்கு, அப்பா எண்ணெய் மாற்ற இஞ்சினை நிறுத்திய நொடியில் காணாமல் போனது. அவள் நேராக இஞ்சின் வீட்டுக்குப் போய் விஜயன் முன்னாலேயே அவரைப் பிடிபிடியென்று பிடித்தாள். மறுநாளிலிருந்து அவர் நிறுத்துவதற்கு முன்னால் இஞ்சின் வேகத்தை இரண்டு தடவை குறைத்து ஏற்றத் தொடங்கினார். ஆபீஸ் பல்பு இரண்டு தடவை மங்கும். அரை நிமிஷம் கழித்துத்தான் அணையும்.

"மொத தடவ மங்குனா கைவேலைய முடிச்சுக்க. ரெண்டாவது தடவ மங்குனா எந்திரிச்சிரு. அவ்ளோதான்," என்றார்.

பல்பு மங்கினால் ரஞ்சிதத்தின் வலது கை தானாகவே இரண்டு பொத்தான்களை அமுக்கும். அடித்தது எல்லாம் டிஸ்க்கில் ஏறிவிடும். வீட்டில் சாப்பிடும்போது, இஞ்சினை நிறுத்துகிற ஒன்பது மணிக்கு விளக்கு மங்கினாலும் அவள் விரல்கள் தட்டின் ஓரத்தை அமுக்கும். தங்கம்மா அதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்திருக்கிறாள்.

மூன்று மாதத்துக்கு முன்னால் தலைமை ஆபீசிலிருந்து வேறொரு மெஷின் வந்தது. மூடினால் சின்னப் பெட்டி, திறந்தால் கம்ப்யூட்டர். உள்ளேயே பேட்டரி. ரஞ்சிதம் அதன் புத்தகத்தைப் பிரித்து ஒரே நாளில் அதை வழிக்குக் கொண்டுவந்தாள். மூன்று நிமிஷம் யாரும் தொடாவிட்டால் திரை இருட்டிக்கொள்ள வேண்டும், ஐந்து நிமிஷத்தில் டிஸ்க் சுற்றுவதை நிறுத்த வேண்டும், மூடியைச் சாத்தினால் தூங்க வேண்டும், திறந்தால் விட்ட இடத்திலேயே வந்து நிற்க வேண்டும். எல்லாவற்றையும் அவளே அமைத்தாள். ஆபீசில் வேறு யாருக்கும் அதில் கைவைக்கத் தைரியமில்லை.

முருகையா வந்து இருண்ட திரையைக் குனிந்து பார்த்தார். "செத்துருச்சா?"

"தூங்குதுப்பா. தொட்டா எந்திரிக்கும்."

"தூங்குறதுக்கும் தீனி வேணும்ல?"

"வேணும். கொஞ்சூண்டு. பேட்டரி குடுக்கும்."

"அப்ப நம்ம இஞ்சின் ஐட்லிங்ல கெடக்கற மாதிரி. சத்தம் இருக்காது, உசுரு இருக்கும்." அவருக்குப் பிடித்துப்போயிற்று.

"இனிமே நீங்க வெளக்க மங்க வைக்க வேணாம்பா. கரண்டு போனாலும் இதுக்கு ஒண்ணும் ஆகாது."

"சரி," என்றார். ஆனால் நிறுத்தவில்லை. அன்று ராத்திரி ஒன்பது மணிக்கும் பல்பு இரண்டு தடவை மங்கியது. அவள் விரலும் தட்டை அமுக்கியது.

இந்த வாரம் அவரும் அவளும் சேர்ந்து செய்துகொண்டிருந்தது ஆபீஸ் வேலையே அல்ல. மேல் டிவிஷனில் பத்தொன்பது பேருக்குப் பிறப்புப் பத்திரம் கிடையாது. லயத்தில் பிறந்து, யாரும் எழுதி வைக்காமல் வளர்ந்து, குடியுரிமை இல்லாத சிவப்பு ஐசி அடையாள அட்டையோடு காலம் தள்ளுகிறவர்கள். தானா ராத்தாவில் அரசாங்கப் பதிவுக்காரர்கள் இதற்கென்று ஒரு மேசை போட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானத்தோடு அது முடிகிறது. பிள்ளை எடுத்த மருத்துவச்சி அம்மாக்கண்ணு சாட்சிக் கைநாட்டு வைக்கத் தயார். அவளிடம் தேதி கேட்டால், "எனக்குப் புள்ள மூஞ்சிதான் ஞாபகம். தேதிய நான் எங்க கண்டேன்?" என்றாள்.

தேதி தெரிந்தவர் ஒரே ஆள்தான். லயத்தில் எந்தப் பெண்ணுக்கு இடுப்புவலி கண்டாலும், விளக்கை அணைக்காதே என்று முதலில் ஓடி வருவது இஞ்சின் வீட்டுக்கு. முருகையா விடிய விடிய ஓட்டுவார். ஓட்டிய ஒவ்வொரு ராத்திரியும் அவர் தலைக்குள் இருந்தது. "பக்கிரிசாமியா? அம்பத்திரெண்டு. தைப்பூசத்துக்கு மூணாம் நாளு. விடியறப்ப பெல்ட்டு அறுந்துச்சு, புதுசு மாட்டுனேன். மாட்டி முடிக்கவும் இவன் அழுவுறான்." அவர் சொல்லச் சொல்ல ரஞ்சிதம் பழைய பஞ்சாங்கங்களைப் புரட்டித் தேதியாக்கி நேராகக் கம்ப்யூட்டரில் அடித்தாள். காகிதத்தில் ஒரு வரி கிடையாது.

திங்களும் செவ்வாயும் பதினோரு பேர். நேற்று மத்தியானம் மிச்சம் எட்டுப் பேர். முருகையா மூன்றரைக்கு எழுந்து போனார். அவள் உட்கார்ந்து எட்டையும் சரிபார்த்தாள். டிஸ்க்கில் ஏற்றவில்லை. தூங்கி எழுந்தாலும் விட்ட இடத்தில் நிற்கிற மெஷினுக்கு என்ன அவசரம் என்ற மெத்தனம். பிறகு பல்பு அணைந்தது, அவள் அப்பாவைத் திட்டினாள், மூடியைச் சாத்தினாள். விஜயன் ஓடி வந்தான்.

இப்போது வாசலில் பக்கிரிசாமி நின்றுகொண்டிருந்தான். முப்பத்தேழு வயது, மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன். விடிந்ததிலிருந்து பந்தல் கட்டினான், பெஞ்சு தூக்கினான், தண்ணீர் சுமந்தான். சட்டைப் பையில் மடித்த பாரம் எட்டிப் பார்த்தது. அதை அவன் உள்ளே தள்ளுவதும் அது மறுபடி எட்டிப் பார்ப்பதுமாக இருந்தது.

தங்கம்மா அவன் பையைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள்.

"அந்த லிஸ்ட்டு எங்க இருக்கு?"

"ஆபீசுல. மெஷினுக்குள்ள."

"போயி எடுத்துட்டு வா."

"இப்பயா? எல்லாரும் என்னம்மா சொல்வாங்க?"

"சொல்றவங்க வந்து பத்தொம்பது பேரு தேதிய சொல்லட்டும். போ. சித்தப்பா வர்றதுக்குள்ள வந்துரு. இவருகிட்ட நான் இருக்கேன்."

ரஞ்சிதம் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினாள். தேயிலைக்கு நடுவே போகிற குறுக்குப் பாதையில் பாவாடை முழங்கால் வரை நனைந்தது. நடக்கும்போது மனசு தெளிவாகவே இருந்தது. அந்த மெஷினை அவளுக்குத் தெரியும். மூடிக் கிடந்தால் ஒரு ராத்திரி தாராளமாகத் தாங்கும். திறந்தால் பக்கிரிசாமியின் வரியில் வந்து நிற்கும்.

சாவு விழுந்ததால் ஆபீசுக்கு அரை நாள் லீவு. ஆனாலும் பெரிய கிராணி நாகரத்தினம் தன் மேசையில் இருந்தார். அவருக்கு ஆபீஸ்தான் வீடு. எழுந்து நின்று, "அப்பாவ பாக்க இப்பதான் கெளம்பிட்டு இருந்தேன்மா," என்றார். கண்ணாடிக்குப் பின்னால் கண் சிவந்திருந்தது.

ரஞ்சிதம் மூடியைத் திறந்தாள். திரை இருட்டு. ஒரு பொத்தானை அமுக்கினாள். இருட்டு. தூக்கிப் பார்த்தாள். மெஷின் கனமே இல்லாமல் கைக்கு வந்தது. அடியில் பேட்டரி இருக்க வேண்டிய இடத்தில் சதுரமாக ஒரு பள்ளம் மட்டும் இருந்தது.

"ஐயா, பேட்டரி?"

நாகரத்தினம் பெருமையாக ஜன்னலைக் காட்டினார். ஜன்னல் கட்டையில், பழைய தமிழ் நேசன் தாளை விரித்து, அதன்மேல் பேட்டரியைப் படுக்க வைத்திருந்தார். "நேத்து சாத்தும்போது நான்தான் கழட்டுனேன். கரண்டு இல்ல, சும்மா கெடந்து தீந்துடும்ல. டார்ச் லைட்டுக்கு நம்ம செய்யுறதுதான. கொஞ்சம் வெயில் பட்டா தெம்பாவும்."

மலையில் டார்ச் லைட் வைத்திருக்கிற எல்லாரும் செய்கிற காரியம். வேலை முடிந்தால் பேட்டரியைக் கழற்றுவார்கள், வெயிலில் காய வைப்பார்கள். வெயில் கூட இன்று இல்லை. ரஞ்சிதம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயா, அது தூங்கிக்கிட்டு இருந்துச்சு. அந்த பேட்டரியிலதான் அதுக்கு உசுரு. எட்டு பேரு உள்ள இருந்தாங்க."

நாகரத்தினத்துக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டார். "சாலா பண்ணிட்டேனாம்மா, தப்பாயிருச்சா? நல்லதுன்னு நெனச்சு..."

"நான்தான் ஏத்தி வைக்கல. என் தப்பு." அப்பா இருந்திருந்தால் இன்னொரு தடவை சொல்லியிருப்பார். சலிக்காமல் பெல்ட் அறுந்த கதையோடு சொல்லியிருப்பார். அவள் அழுதாள். நேற்றிலிருந்து வராத அழுகை பேட்டரியைக் கண்டு வந்தது.

அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு பேட்டரியைச் செருகினாள். பதினோரு பேராவது இருக்கிறார்களே. பொத்தானைத் தட்டினாள். மெஷின் புதிதாகப் பிறந்தது போல எல்லாவற்றையும் முதலிலிருந்து எண்ணிக்கொண்டு எழுந்தது. அவள் கோப்புகளின் வரிசையைக் கேட்டாள். பெயர்கள், பக்கத்தில் கடைசியாக ஏற்றிய தேதி, நேரம்.

பட்டியலின் பக்கத்தில் புதன்கிழமைத் தேதி இருந்தது. நேரம் நாலு முப்பத்தேழு.

அவள் திரும்பத் திரும்பப் பார்த்தாள். கோப்பைத் திறந்தாள். பத்தொன்பது பேர். கடைசியில் பக்கிரிசாமி, தகப்பன் பெயர், தாய் பெயர், தேதி, லயம், அதில் குடியிருக்கும் காம்பரா எண்ணோடு.

"இருக்காம்மா?"

"இருக்குய்யா. ஆனா நான் ஏத்தவே இல்லியே."

தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தாள். அங்கே ஆபீஸ் கடிகாரம். அது கரண்டில் ஓடுவது, தினமும் காலையில் இஞ்சின் ஓடியதும் பெரிய கிராணி சரிவைப்பது. இஞ்சின் நின்றபோது அதுவும் நின்றது, இன்னும் அப்படியே நிற்கிறது. நாலு முப்பத்தெட்டு. திங்கட்கிழமைதோறும் அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் மெஷினின் நேரத்தை அவள் சரிவைப்பாள்.

"ஐயா, நேத்து வெளக்கு மங்குச்சா?"

நாகரத்தினம் யோசித்தார். "மங்குச்சான்னா... நான் கண்ணாடிய கழட்டி தொடச்சேன். போட்டேன். திரும்ப மங்குச்சு. கண்ணுல பூ விழுந்துருச்சு போலன்னு பயந்துட்டேன். அப்பறம் கரண்டே போயிருச்சு." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டு தடவ, ரஞ்சிதம்."

அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். அவளுக்குத் தெரியாமலே அமுக்கியிருக்கின்றன. சரிபார்க்கிற மும்முரத்தில் கண்ணுக்குப் படாதது கைக்குப் பட்டிருக்கிறது.

மயக்கம் வந்து சாய்ந்தவர் விளக்கை இரண்டு தடவை மங்க வைக்க மாட்டார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, இனி இஞ்சினைப் பார்த்துக்கொள்ளத் தன்னால் ஆகாது என்று முடிவு செய்து, மகளுக்கு ஒரு தடவை, மறுபடி ஒரு தடவை சொல்லிவிட்டு, அரை நிமிஷம் பொறுத்து நிறுத்தியிருக்கிறார். வேண்டாம் என்று அவள் சொன்ன பிறகும்.

மெஷின் ஓரத்தில் சிவப்பு விளக்கு எரியத் தொடங்கியது. தலைமை ஆபீசில் உழைத்து ஓய்ந்த பேட்டரி. இரண்டு மணி நேரம் என்று எழுதியிருக்கும், அரை மணி தாங்கினால் அதிசயம். பிரிண்டருக்குக் கரண்ட் இல்லை. ரஞ்சிதம் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஐயா, பேப்பரும் பேனாவும் எடுங்க. நான் சொல்றேன், நீங்க எழுதுங்க."

அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். டிஸ்க்கை உடனே நிற்கச் சொன்னாள். திரை வெளிச்சத்தை, கண்ணை இடுக்கினால் மட்டும் எழுத்துத் தெரிகிற அளவுக்கு இறக்கினாள். கர்ரென்ற சத்தம் அடங்கியது. அவள் வாசிக்க, நாகரத்தினம் தன் புகழ்பெற்ற குண்டு எழுத்தில் எழுதினார். ஒன்று, இரண்டு, மூன்று. ராமசாமி மகள் சரோஜாவின் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போனது, திருத்தினார். பதினான்கில் சிவப்பு விளக்கு சிமிட்டத் தொடங்கியது.

"வெரசா எழுதுங்கய்யா."

"எழுதறேன்மா, எழுத்து கோணுது."

"கோணட்டும்."

பக்கிரிசாமியின் காம்பரா எண்ணைச் சொல்லி முடித்தாள். திரை இன்னும் இருந்தது. அது தானாகச் சாவதற்கு முன் அவளே முறையாக நிறுத்தினாள்.

திரும்பும் வழியில் இஞ்சின் வீடு. விஜயன் வாசற்படியில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். ரஞ்சிதம் அவன் முன்னால் நின்றாள்.

"அண்ணே, கை பட்டு நிக்கல. அப்பாதான் நிறுத்துனாரு. ரெண்டு தடவ மங்க வச்சு, சொல்லிட்டுத்தான் நிறுத்தியிருக்காரு. பெரிய கிராணி பாத்திருக்காரு. மெஷின்லயும் நேரம் இருக்கு."

விஜயன் நிமிர்ந்தான். "அண்ணன் முறைப்படிதான் நிறுத்துனாரா?"

"ஆமா."

அவன் முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டான். எழுந்து உள்ளே போனான்.

வீட்டில் சித்தப்பாவின் லோரி வந்து நின்றிருந்தது. ரஞ்சிதம் தாளைப் பக்கிரிசாமியின் கையில் கொடுத்து, "நாளைக்குக் காலையில எட்டு மணி பஸ். பத்தொம்பது பேரும் வந்துருங்க, அம்மாக்கண்ணு அத்தையையும் கூட்டிக்கங்க," என்றாள். அவன் தன் பெயர் இருந்த வரியைக் கட்டைவிரலால் தடவினான். பிறகு பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு சத்தம்போட்டு அழுதான். அந்தச் சாவு வீட்டில் அன்றைக்கு அவ்வளவு சத்தமாக அழுதது அவன்தான்.

தங்கம்மா மகளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "ஏன் ரஞ்சி, அவருக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுல்ல? எல்லாரும் சொல்றாங்க."

ரஞ்சிதம் அப்பாவின் கையைப் பார்த்தாள். நகக்கண்ணில் கறுப்பு அப்படியே இருந்தது.

"வேலைய முடிச்சிட்டுத்தாம்மா போயிருக்காரு," என்றாள்.

தங்கம்மா அவளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். முந்தானையால் அந்த விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்து மார்பின்மேல் வைத்தாள்.

இரண்டு மணிக்கு எடுத்தார்கள். பனி விலகி லயம் முழுக்கத் தெரிந்தது. பெண்கள் லயத்துக் கடைசி வரைதான் போகலாம். அங்கே குழாயடியில் ரஞ்சிதம் தாயின் தோளில் கை போட்டு நின்றாள். பாடை தேயிலைக்கு நடுவே இறங்கி இஞ்சின் வீட்டுப் பக்கம் திரும்பியபோது இஞ்சின் ஓடத் தொடங்கியது. பட்டப்பகலில் எல்லா வீட்டு வாசல் பல்புகளும் எரிந்தன.

பாடை இஞ்சின் வீட்டைத் தாண்டியது. பல்புகள் ஒரு தடவை மங்கி எரிந்தன. மறுபடி மங்கின.

தாயின் தோளில் இருந்த ரஞ்சிதத்தின் விரல்கள் இரண்டு தடவை அமுங்கின. தங்கம்மா அந்தக் கையின்மேல் தன் கையை வைத்துக்கொண்டு, விளக்கு அணையும் வரை அப்படியே நின்றாள்.